பிரெப் ஸ்காலர்ஷிப்பா, ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்பா? இரண்டு கடிதங்களையும் படிக்கும் விதம்

உங்கள் கேள்வி இது: அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து இந்த வருடம் ஹைஸ்கூல் முடிக்கும் உங்கள் மகள், கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமிக்கு, அதாவது நான்கு வருடம் படித்து அதிகாரியாக வெளிவரும் ராணுவக் கல்லூரிக்கு, விண்ணப்பித்தார். நேரடி இடம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வருட பிரெப் படிப்புக்கு, அதாவது அகாடமிக்குத் தயார்செய்யும் படிப்புக்கு, உதவுவதாக ஃபால்கன் ஃபவுண்டேஷனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கூடவே விமானப்படை ஆர்.ஓ.டி.சி.யிலிருந்து, அதாவது சாதாரணக் கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரியாகும் பயிற்சித் திட்டத்திலிருந்து, நான்கு வருட டைப் 2 ஸ்காலர்ஷிப்பும் வந்திருக்கிறது. இதில் எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பணத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு. இப்போதே கைக்கு வந்திருக்கும் ஒன்றை விட்டுவிட்டு, அடுத்த வருடம் கிடைக்கலாம் என்கிற ஒன்றுக்காக ஒரு வருடத்தைச் செலவழிக்கலாமா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன். பணக் கணக்கு நடுவில் தானாக வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘பிரெப்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, படைகள் தாங்களே நடத்தும் பிரெப் பள்ளிகள். விமானப்படைக்கு அகாடமி வளாகத்திலேயே இருக்கிறது. கடற்படைக்கு ரோட் ஐலண்ட் மாநிலம் நியூபோர்ட்டில். தரைப்படையின் பள்ளி 2011-இல் நியூஜெர்சியிலிருந்து தரைப்படை அகாடமி இருக்கும் வெஸ்ட் பாயின்டுக்கே மாறிவிட்டது. இவற்றில் சேரும் மாணவர் படையில் பதிவு செய்துகொண்டு சேர்கிறார். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் அரசாங்கச் செலவு. மாதாமாதம் சம்பளமும் உண்டு. இன்னொன்று, அகாடமியோடு தொடர்புள்ள அறக்கட்டளைகள் தரும் ஸ்காலர்ஷிப். விமானப்படைக்கு ஃபால்கன் ஃபவுண்டேஷன் போல, கடற்படை அகாடமிக்கும் வெஸ்ட் பாயின்டுக்கும் அவரவர் அமைப்புகள் உண்டு. இந்த வழியில் போகும் மாணவர் சீருடை போட்ட சிவிலியன்தான். அலபாமாவில் உள்ள மேரியன் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட், ராஸ்வெல்லில் உள்ள நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் போன்ற வெளிப் பள்ளிகளில் ஒரு கல்வியாண்டு படிப்பார். சம்பளம் கிடையாது. ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் செலவின் ஒரு பகுதியைத்தான் ஏற்கும். மீதி வீட்டிலிருந்து போக வேண்டும். உங்கள் மகளுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சம்பளத்தில் இல்லை, நாமினேஷனில் இருக்கிறது.

அகாடமியில் சேர மதிப்பெண்ணும் உடல்தகுதியும் மட்டும் போதாது. சட்டப்படி ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும். அந்த நாமினேஷன் பெரும்பாலும் உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரிடமிருந்தோ மாநிலத்தின் இரண்டு செனட்டர்களில் ஒருவரிடமிருந்தோ வரும். ஒவ்வொருவர் கணக்கிலும் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் படிக்க முடியும். அதனால் ஒரு வருடத்தில் ஒருவருக்கு ஓர் இடம் காலியாகும், சில வருடம் இரண்டு. அந்த ஒரு காலியிடத்துக்குப் பத்து, பதினைந்து பெயர்களை அனுப்பலாம். அதில் ஒருவருக்கு அந்த இடம் போகும். மற்றவர்களில் தகுதி பெற்றவர்கள் நாடு முழுவதும் சேர்ந்த பொதுப் பட்டியலில் தரவரிசைப்படி காத்திருப்பார்கள். படையே நடத்தும் பிரெப் பள்ளி மாணவருக்கு இந்த வரிசையைத் தவிர இன்னொரு கதவு உண்டு. படையில் பதிவு செய்தவர்களுக்கென்று அந்தத் துறைச் செயலர் பெயரில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அறக்கட்டளை ஸ்காலர்ஷிப்பில் போகும் உங்கள் மகளுக்கு அந்தக் கதவு இல்லை. அவர் மறுபடியும் அதே காங்கிரஸ் உறுப்பினர், அதே செனட்டர்கள் அலுவலகங்களுக்கு விண்ணப்பித்து, அடுத்த வருட மாணவர்களோடு போட்டியிட்டு நாமினேஷன் வாங்க வேண்டும். சென்ற வருடம் கிடைத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது.

ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், ஏன் நேரடி இடம் கிடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். இந்த முடிவில் பாதி அதிலேயே இருக்கிறது, பலரும் அதைக் கேட்பதே இல்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது படிப்பு: கணிதத்திலோ ஆங்கிலத்திலோ கொஞ்சம் குறைவு, எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் எல்லைக்கோட்டில். பிரெப் வருடம் உருவாக்கப்பட்டதே இந்தக் குறைக்கு மருந்தாகத்தான். கணிதம், வேதியியல், ஆங்கிலம் மூன்றையும் அகாடமி முதல் வருடத்தின் வேகத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது நாமினேஷன்: மகளுடைய மதிப்பெண் நன்றாகவே இருந்து, தொகுதியில் போட்டி கடுமையாக இருந்ததால் இடம் தவறியிருக்கலாம். வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வடக்கு வர்ஜீனியா போன்ற, ராணுவக் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் இது சாதாரணம். பிரெப் வருடம் அவருடைய தரவரிசையை உயர்த்தும். தொகுதியின் போட்டியைக் குறைக்காது. மூன்றாவது மருத்துவம்: எல்லா அகாடமிகளுக்கும் ஆர்.ஓ.டி.சி.க்கும் உடல் பரிசோதனை செய்வது டாட்மெர்ப் என்ற ஒரே பாதுகாப்புத் துறை அமைப்பு. ஆனால் குறை இருந்தால் விலக்கு தருவது, அதாவது வெய்வர் தருவது, அந்தந்தத் திட்டத்தின் கையில். அதனால்தான் சிறுவயது ஆஸ்துமாவுக்கு ஒரு திட்டம் வெய்வர் தந்து, இன்னொன்று மறுப்பதும் நடக்கிறது. மருத்துவத்தால் தடைபட்டவருக்கு ஒரு வருடப் படிப்பு எதையும் சரிசெய்யாது.

காரணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் பகுதிக்கென்று அகாடமி நியமித்திருக்கும் தொடர்பு அதிகாரி ஒருவர் இருப்பார். விமானப்படையில் அவரை ஏ.எல்.ஓ. என்பார்கள். மகளைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேசாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். பெற்றோர் போனில் பேசும் விண்ணப்பதாரரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டாவதில்லை. கேட்க வேண்டியவை இவை: நான் மூன்று பகுதிகளிலும் தகுதி பெற்றவளா, அதாவது படிப்பு, உடல்தகுதி, மருத்துவம்? தகுதி பெற்றும் இடம் கிடைக்காமல் போனதா, இல்லை படிப்பில் தகுதியே கிடைக்கவில்லையா? முழுத் தகுதியும் இருந்து இடம் மட்டும் கிடைக்காதவர் பிரெப் போனால் அடுத்த வருடம் உள்ளே போகும் வாய்ப்பு நல்லது. அறக்கட்டளைகளும் அப்படிப்பட்டவர்களைத்தான் தேடி எடுக்கின்றன.

ஆனாலும் ‘நல்ல வாய்ப்பு’ என்பதை ‘உறுதி’ என்று படித்துவிடாதீர்கள். கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அடுத்த வருடச் சேர்க்கைக்கு அவர் ‘பரிசீலிக்கப்படுவார்’ என்ற பொருளில்தான் எழுதியிருக்கும். ‘சேர்க்கப்படுவார்’ என்று எங்கும் இருக்காது. பிரெப் வருடத்தை ஒழுங்காக, நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளே போகிறார்கள் என்பது உண்மை. நடுவில் தடுக்கி விழுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்கள் விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

விண்ணப்பம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நினைப்பது முதல் தவறு. அகாடமி விண்ணப்பத்தைப் புதிதாகத் திறக்க வேண்டும். காங்கிரஸ் அலுவலகங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும். மகள் ஆகஸ்டில் பிரெப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்து, முதல் சில வாரங்கள் தலைமயிர் முதல் ஷூ பாலிஷ் வரை திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் அதே நேரம் அது. பரிந்துரைக் கடிதம் எழுதித் தரப் பழைய பள்ளி ஆசிரியரைத் தேட வேண்டும். நேர்காணல் சொந்த மாநிலத்தில் நடக்கும். அதனால் மூன்று நாமினேஷன் விண்ணப்பங்களையும் பரிந்துரைக் கடிதங்களையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, ஜூலைக்குள், முடித்துவிட வேண்டும். நேர்காணலுக்கு ஊர் வர விடுப்பு கிடைக்குமா, வீடியோவில் நடத்துவார்களா என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நடுவில் குடும்பம் வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் எந்த முகவரி சட்டப்படியான இருப்பிடம் என்ற சிக்கல் வேறு வரும். அந்த வருடம் வீடு மாறாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, உடல்தகுதித் தேர்வு. தரைப்படை, கடற்படை, விமானப்படை அகாடமிகள் பயன்படுத்துவது சி.எஃப்.ஏ. என்ற ஆறு பகுதித் தேர்வு: கூடைப்பந்து எறிதல், புல்-அப், 40 கஜம் ஷட்டில் ஓட்டம், வயிற்றுப் பயிற்சி, புஷ்-அப், ஒரு மைல் ஓட்டம். ஒன்றன்பின் ஒன்றாக, குறைந்த இடைவெளியில், இதே வரிசையில் நடக்கும். இதில் ஆச்சரியமாகப் பலரைக் கவிழ்ப்பது முதல் பகுதி. இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, ஒரே கையால் தலைக்கு மேலாகப் பந்தை எறிய வேண்டும். ஓடிவந்து எறிய முடியாது, இடுப்பைத் திருப்பி விசை கொடுக்கவும் பெரிதாக இடமில்லை. மூன்று வாய்ப்பு. வருடக்கணக்கில் கூடைப்பந்து ஆடியவர்கள்கூட முதல் தடவை முழங்காலிட்டு எறியும்போது பந்து பாதித் தூரத்தில் விழுவதைப் பார்த்துத் திகைப்பார்கள். உள்ளங்கையில் பந்தைத் தாங்கி, முழங்கை முன்னால் வரும்படி, சுமார் 45 பாகைச் சாய்வில் விடப் பழகினால் சில வாரங்களிலேயே தூரம் கூடும். அடுத்தது புல்-அப். பெண்களுக்கு அதற்குப் பதில் தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி கைமடக்கித் தொங்கும் வழியும் உண்டு. ஆனால் ஒன்றிரண்டு புல்-அப்பாவது எடுக்க முடிந்தால் அதையே எடுப்பது நல்லது. அதற்குத் தனி மதிப்பு உண்டு.

மூன்றாவது, பிரெப்பை ‘இன்னொரு ஹைஸ்கூல் வருடம்’ என்று நினைத்து முதல் செமஸ்டரைத் தளர்வாக விடுவது. சேர்க்கைக் குழு கையில் பெரும்பாலும் முதல் செமஸ்டர் மதிப்பெண்தான் இருக்கும். இரண்டாவது செமஸ்டரில் நிமிர்ந்து என்ன பயன்? கால்குலஸில் ஒரு ‘சி’ விழுந்தால், ஹைஸ்கூலில் வாங்கிய ‘ஏ’க்களை அது மூடிவிடும். நான்காவதாக, காயம். வேண்டாத விளையாட்டில் முழங்கால் தசைநார் கிழிந்தால் டாட்மெர்ப் கோப்பு மறுபடி திறக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தகுதி கிடைக்க எத்தனை மாதம் ஆகும், கிடைக்குமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிரெப்பில் வாங்கும் கல்லூரி கிரெடிட்களால் அகாடமிப் படிப்பு குறையாது. உள்ளே போனால் எல்லோரும் முதல் வருடம்தான். நான்கு வருடம் முழுதாகப் படிக்க வேண்டும். சில பாடங்களைத் தேர்வெழுதித் தாண்டலாம், அவ்வளவே. ஆக, கமிஷன் பெறும்போது, அதாவது அதிகாரியாக நியமனம் ஆகும்போது, அவர் தன் வகுப்புத் தோழிகளைவிட ஒரு வருடம் பின்னால் இருப்பார். பதினெட்டு வயதில் பெரிய விஷயமாகத் தெரியும் இது, முப்பது வயதில் யாருக்கும் நினைவிருக்காது. பெற்றோர்தான் இதற்கு அதிகம் கலங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஆர்.ஓ.டி.சி. பக்கம். இங்கே பணக் கணக்கு நுணுக்கமானது. விமானப்படை ஸ்காலர்ஷிப்பில் டைப் 1 என்பது எந்தக் கல்லூரியானாலும் முழு டியூஷன். டைப் 2 வருடத்துக்கு 18,000 டாலர் வரை. டைப் 7 என்பது அரசுப் பல்கலைக்கழகத்தில் சொந்த மாநிலத்தவருக்கான முழு டியூஷன். இவற்றோடு புத்தகத்துக்கு வருடம் சுமார் 900 டாலர். மாத உதவித்தொகை முதல் வருடம் 300-இல் தொடங்கி 350, 450, 500 என்று ஏறும். உங்களுக்கு வந்திருக்கும் டைப் 2-வை உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போனால், அங்கே டியூஷன் 18,000-க்குள் இருக்கும் பட்சத்தில் அது முழு ஸ்காலர்ஷிப்தான். அதையே வருடம் 60,000 டாலர் டியூஷன் கேட்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போனால் வருடம் 42,000, நான்கு வருடத்தில் 1,68,000 டாலர் உங்கள் பாக்கெட்டிலிருந்து. ‘ஸ்காலர்ஷிப் கிடைத்தது’ என்ற ஒரே வாக்கியம் இரண்டு வீடுகளில் இவ்வளவு வேறுபட்ட பொருள் தருகிறது. விடுதியும் சாப்பாடும் பொதுவாகத் தனி. இதோடு ஒப்பிட அகாடமியைப் பாருங்கள்: டியூஷன் இல்லை, தங்குமிடம் சாப்பாடு இலவசம், கேடட்டுக்கு, அதாவது பயிற்சி மாணவருக்கு, சட்டப்படி புதிய செகண்ட் லெப்டினன்ட் சம்பளத்தில் 35 சதவீதம். இன்றைய கணக்கில் மாதம் 1,300 டாலரைத் தாண்டும். அதில் சீருடை, கணினி, சலவை என்று பிடித்ததுபோக முதல் வருடம் கைக்கு வருவது கொஞ்சம்தான். ஆகவே பிரெப் வருடத்துக்கு நீங்கள் கையிலிருந்து போடும் பணம், அகாடமி கிடைத்தால் பலமடங்கு திரும்பும். கிடைக்காவிட்டால் போனது போனதுதான்.

ஸ்காலர்ஷிப் என்றால் கமிஷன் உறுதி என்று எண்ணுவதும் தவறு. விமானப்படை ஆர்.ஓ.டி.சி.யில் இரண்டாம் வருடத்தில் ஒரு வடிகட்டல் உண்டு. அலபாமாவில் மாக்ஸ்வெல் தளத்தில் நடக்கும் கோடைக்காலக் களப்பயிற்சிக்குத் தேர்வானால்தான் மூன்றாம், நான்காம் வருடம் தொடரலாம். ஸ்காலர்ஷிப் வைத்திருப்பவர்களும் இதில் போட்டியிட்டே ஆக வேண்டும். கல்லூரி மதிப்பெண், உடல்தகுதி, பிரிவின் தலைமை அதிகாரி தரும் தரவரிசை எல்லாம் சேர்ந்து முடிவாகும். விமானப்படைக்கு அந்த வருடம் எத்தனை அதிகாரிகள் தேவை என்பதும் சேரும். அது மகளின் கையில் இல்லை. அடுத்து, ஸ்காலர்ஷிப் குறிப்பிட்ட பாடப்பிரிவோடு கட்டப்பட்டிருக்கும். ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங்குக்குக் கிடைத்ததை உளவியலுக்கு மாறி வைத்துக்கொள்ள முடியாது. மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், கிடைக்காமலும் போகும். முதல் செமஸ்டர் கணிதத்தில் அடிவாங்கிய கையோடு துறை மாறுகிறவர்கள்தான் இங்கே அதிகம் ஸ்காலர்ஷிப் இழப்பவர்கள்.

அன்றாட வாழ்க்கையும் வேறு. ஆர்.ஓ.டி.சி. கேடட் வாரத்தில் ஒரு வகுப்பு, ஒரு தலைமைப் பயிற்சி நாள், இரண்டு மூன்று அதிகாலை உடற்பயிற்சி. சீருடை வாரம் ஒரு நாள். மற்ற நேரம் சாதாரண மாணவி. யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். தன்னைத் தானே ஒழுங்கில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது சொர்க்கம், தெரியாதவருக்குப் பொறி. அகாடமியில் இருபத்து நான்கு மணிநேரமும் அவர்களுடையது.

சேவைக் கடமையைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அகாடமி வழியே போனால் குறைந்தது ஐந்து வருடம் முழுநேரச் சேவை. விமானப்படை ஆர்.ஓ.டி.சி. வழியே போனால் பொதுவாக நான்கு. விமானி ஆனால் இரண்டு வழிக்கும் ஒரே கணக்கு: விமானிப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து வருடம். எப்போது வரை கடமை ஏதுமின்றி விலகலாம் என்பது இதைவிட முக்கியம். அறக்கட்டளை பிரெப்பில் சிவிலியன் என்பதால் ராணுவக் கடமையே இல்லை. அகாடமியில் மூன்றாம் வருடம் தொடங்கும் வரை விலகலாம். ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்பில் இரண்டாம் வருடம் தொடங்கும் வரை. அதற்குப் பிறகு விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டவோ சாதாரணப் படைவீரராகச் சேவை செய்யவோ சொல்லலாம். அகாடமி மாணவருக்கு இரண்டு வருடம் யோசிக்க இருக்கிறது, ஆர்.ஓ.டி.சி. மாணவருக்கு ஒரு வருடம்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் மகளுக்கு விமானியாக ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அது தராசை அகாடமி பக்கம் கொஞ்சம் சாய்க்கும். அங்கே மருத்துவத் தகுதியுள்ள மாணவருக்கு விமானிப் பயிற்சி இடம் கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆர்.ஓ.டி.சி.யில் மூன்றாம் வருடம் நாடு தழுவிய போட்டி நடக்கும். ஏ.எஃப்.ஓ.க்யூ.டி. என்ற எழுத்துத் தேர்வு, கை-கண் ஒருங்கிணைவைப் பார்க்கும் கணினித் தேர்வு, ஏற்கெனவே விமானம் ஓட்டிச் சேர்த்த மணிநேரம், தலைமை அதிகாரியின் தரவரிசை எல்லாம் கணக்கில் வரும். ஆனால் டாட்மெர்ப் தகுதி வேறு, பறப்பதற்கான மருத்துவத் தகுதி வேறு. பின்னது இன்னும் கடுமை. எந்த வழியில் போனாலும் கண்ணும் முதுகெலும்பும் ஒத்துழைக்காவிட்டால் காக்பிட் இல்லை. ‘விமானி ஆகாவிட்டாலும் விமானப்படை அதிகாரியாக இருப்பேனா?’ என்ற கேள்விக்கு மகள் தயங்காமல் ஆம் என்று சொல்ல வேண்டும். தயங்கினால் இரண்டு கடிதத்துக்கும் இப்போதே கையெழுத்து வேண்டாம்.

எங்கிருந்து வந்தாலும் தோளில் ஏறுவது ஒரே செகண்ட் லெப்டினன்ட் பட்டைதான், சம்பளமும் ஒன்றே. அகாடமி மோதிரம் பதவி உயர்வுக்கு உத்தரவாதம் என்று சொல்வதை நம்பி ஒரு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

என் கணிப்பு இது. நேரடி இடம் கிடைக்காததற்குக் காரணம் படிப்பு மதிப்பெண், மகளுக்கு வேண்டியது அந்த அகாடமிதான், பிரெப் வருடத்தில் வீட்டிலிருந்து போக வேண்டிய பங்கு உங்களுக்குக் கடன் இல்லாமல் முடியும் என்ற மூன்றும் ஒருங்கே உண்மையானால் பிரெப் போகலாம், தயங்க வேண்டாம். இதில் ஒன்று பொய்யானாலும் நான் ஆர்.ஓ.டி.சி. பக்கம் நிற்பேன், அதுவும் டைப் 2 முழு டியூஷனையும் மூடும் அரசுப் பல்கலைக்கழகத்தில். ஏனென்றால் அகாடமிக் கதவு அங்கிருந்தும் மூடவில்லை. கல்லூரி முதல் வருடத்தில் இருந்துகொண்டே மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆர்.ஓ.டி.சி. மாணவர்களுக்கும் ‘ஹானர் ஸ்கூல்’ எனப்படும் குறிப்பிட்ட ராணுவப் பள்ளி மாணவர்களுக்கும் சேர்த்து அகாடமியில் வருடத்துக்கு 20 இடங்கள் சட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. காங்கிரஸ் நாமினேஷனோடு கூடுதலாக அதையும் கேட்கலாம். கிடைத்தால் அகாடமி, கிடைக்காவிட்டால் இரண்டாம் வருடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஒரு வருடமும் வீணாகாது. கால்குலஸ், வேதியியல், ஆங்கிலம் என்று பிரெப் மாணவர் எடுக்கும் பாடங்களையே முதல் செமஸ்டரில் எடுத்து நல்ல மதிப்பெண் காட்டுவதுதான் இந்த வழியின் உயிர்.

இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு பிரெப் போகலாம் என்று நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பொதுவாக இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரியில் சேர்ந்து அதைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அது போய்விடும். பிரெப் வருடத்தில் மறுபடி ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், அந்தப் பிரெப் பள்ளி அவரை முழுநேரக் கல்லூரி மாணவராகப் பதிவு செய்கிறதா என்று பாருங்கள். ஹைஸ்கூல் மாணவருக்கான நான்கு வருட ஸ்காலர்ஷிப், கல்லூரியில் முழுநேரம் சேர்ந்துவிட்டவருக்குப் பொதுவாகக் கிடையாது. பிரெப் மாணவருக்கு அதில் விதிவிலக்கு உண்டா என்பதை ஆர்.ஓ.டி.சி. தலைமையகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை போதாது.

நம்மவர்கள் குடும்பங்களுக்காக ஒரு விஷயம். அகாடமிக்கும் ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்புக்கும் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. உங்கள் மகள் பிறப்பிலேயே குடியுரிமை பெற்றவர், ஆகவே சிக்கலில்லை. ஆனால் வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓ.சி.ஐ. அட்டை (விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வழங்குவதில்லை என்பது இந்திய அரசின் விதி. மகளிடம் ஏற்கெனவே அட்டை இருந்தால், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் முன் இந்தியத் தூதரகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். தாத்தா பாட்டியைப் பார்க்க வருவதற்கு விசா எடுக்க வேண்டிவரலாம். படையைப் பொறுத்தவரை வெளிநாட்டு உறவினர், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் பாதுகாப்புச் சரிபார்ப்புப் படிவத்தில் வரும். அவை தடையில்லை, மறைத்தால்தான் தடை. சென்னையில் இருக்கும் சித்தப்பா பெயர், முகவரி, பிறந்த தேதி வரை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: திங்கட்கிழமை மகள் ஏ.எல்.ஓ.விடம் பேசி, நேரடி இடம் கிடைக்காத காரணத்தைக் கேட்கட்டும். அதே நாள் பிரெப் பள்ளியின் கணக்கு அலுவலகத்தில் டியூஷன், விடுதி, சீருடை, கணினி, விடுமுறைப் பயணம் எல்லாம் சேர்த்து, ஸ்காலர்ஷிப் கழித்து, நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று ஒரே தாளில் கேளுங்கள். மறுநாள் ஆர்.ஓ.டி.சி. பிரிவு இருக்கும் பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவின் சேர்க்கை அதிகாரியை மகள் அழைத்து, சென்ற இரண்டு மூன்று வருடங்களில் அங்கிருந்து களப்பயிற்சிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கேட்கட்டும். இரண்டு கடிதங்களிலும் பதில் அனுப்பக் கடைசித் தேதி வெவ்வேறாக இருக்கும். முன்னால் வருவது எதுவோ அதற்கு மூன்று நாள் முன்பே இந்த மூன்று பதில்களும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். அவை வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எண்களைப் பார்த்துவிட்டு இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.